மூன்று பொட்டு கிரீஸ்

போன மாதம் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். உத்திரமேரூரில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சொந்தபந்தம் அத்தனையையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போகவில்லை. மறுநாள் அத்தை போன் பண்ணி, "சித்தப்பன் மேல உனக்கு அப்படி இன்னாடி கோவம்? அவுரு உன்ன எத்தினி தடவ கேட்டாரு தெரியுமா?" என்றாள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தை சிரித்திருப்பாள். கிளட்சுக்குள் வைக்காமல் விட்ட கொஞ்சம் கிரீசுக்காக ஒருத்தி பதினேழு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரிக்கட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பாவிடம் சின்னதாக ஒரு லோடு வண்டி இருந்தது. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கத்திரிக்காய், வெண்டைக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போவார். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். அந்த வருஷம் கிணற்று மேட்டில் மோட்டாரைத் தூக்கும்போது அப்பா சறுக்கி விழுந்து இடது கால் எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கிளட்ச் மிதிக்கிற காலாகப் பார்த்துப் போச்சே என்று அங்கலாய்த்தார்கள். வலது கால் முறிந்திருந்தால் மட்டும் அப்பா பறந்து பறந்து ஓட்டியிருப்பார் போல.

உதவிக்கு என்று வந்தவர்தான் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ரைஸ் மில் லாரிகளில் டிரைவராக இருந்தவர். எந்த மில்லிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. ‘அவர் இவர்’ என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். வளர்ப்பு அப்படி, என்ன செய்ய? வந்த ஒரு வாரத்துக்குள் அம்மா ஒட்டி வைத்திருந்த அம்மன் படத்தைக் கிழித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். டீக்கடையில் உட்கார்ந்து "என் வண்டி, என் வண்டி" என்று பேசினார். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஏழு மணிக்குக் கிளம்பியது. வாடிய வெண்டைக்காய் மூட்டையோடு விவசாயிகள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது அம்மா.

மூன்றே மாதத்தில் கியர் பாக்சை உடைத்தார். கிளட்சை முழுசாக மிதிக்காமல் கியரை அடித்துத் தள்ளுகிற பழக்கம் அவருக்கு. வண்டி வழியில் நின்றுபோய், டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் வந்து, "கியர் பாக்ஸ் பூட்ச்சி" என்றார். அது தானாகச் செருப்பு மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போய்விட்டது மாதிரி.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "பழைய பாக்ஸ் ஒண்ணு பாத்து மாத்திடலாம். மாத்தினதும் வண்டிய நானே ஓட்டுறேன்."

சித்தப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. அப்புறம் சிரித்தார். அம்மா ஒன்றும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் பிறந்த ஊர் தாமல். கல்யாணத்துக்கு முன்பே ஏரிப் பாசன நிலத்தில் தன் அண்ணனின் டிராக்டரில் ஏர் ஓட்டிப் பழகியவள். லைசென்சும் வாங்கி வைத்திருந்தாள். அம்மா ஓட்டினால் வண்டி எங்களுடையதாக இருக்கும். இல்லாவிட்டால் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் அப்பா பெயர் இருக்கும், வண்டி சித்தப்பாவுடையதாகிவிடும். இது எனக்கே புரிந்தது. அப்பாவுக்குப் புரியாமல் இருக்குமா? அவர் மல்லாந்து படுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அது வேறு கதை.

பழைய கியர் பாக்ஸ் ஒன்று கிடைத்தது. கழற்றிப் போட்டு ரொம்ப நாள் மழையில் கிடந்த பாக்ஸ். உள்ளே பல்லெல்லாம் நன்றாக இருந்தது, வெளியேதான் துரு. எப்படியும் இறக்கி ஏற்றப் போகிறோம், கிளட்சை விடுவிக்கிற பேரிங்கையும் புதுசாகப் போட்டுவிடலாம் என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஜாரில் இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடைக்கார பாய் எதையும் பொறுமையாகச் சொல்கிறவர். மேசைமேல் பேரிங்கை வைத்து எங்களுக்கு விளக்கினார். பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும். கேபிள் ஒரு இரும்புக் கையை அசைக்கும். அந்தக் கை இந்தப் பேரிங்கை ஒரு குழாய்மேல் முன்னால் தள்ளும். பேரிங் போய் அழுத்தினால் கிளட்ச் விடும். இவ்வளவுதான் விஷயம்.

"மூணே இடம் தான்மா. கை ஒரு குண்டு மேல ஆடுது பாரு, அங்க ஒண்ணு. பேரிங் நகர்ற கொழா மேல ஒண்ணு. பாக்ஸ்லருந்து நீட்டிக்கினு கீற ஷாஃப்டு பல்லுல ஒண்ணு. பொட்டு வைக்கிற மாதிரி வெச்சி, மெலுசா தடவி உடு. ஜாஸ்தி வெச்சா தெறிச்சி தட்டுல பட்டு கிளட்ச் வழுக்கும். வைக்காம உட்டியோ, பெடல் கல்லு மாதிரி ஆயிடும், காலே உட்டுப் போவும்."

அதற்கென்றே சூடு தாங்குகிற கிரீஸ், சின்ன டப்பாவில் கொடுத்தார். மூடிக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய டப்பா. வருகிற வழியெல்லாம் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். எத்தனை இடம்? மூணு. எங்கெங்கே? குண்டு, குழாய், பல்லு. எவ்வளவு? பொட்டு அளவு. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன்.

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், வேலை நடக்கிற அன்று அம்மா ஊரில் இருக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை அப்பாவைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், டாக்டர் கொடுத்த தேதி. வியாழக்கிழமையே பாக்சை ஏற்றிவிடலாமே என்று கெஞ்சிப் பார்த்தாள். சித்தப்பா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் நாள் நன்றாக இருக்கிறது, பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் பாக்ஸ் ஏறிவிட வேண்டும் என்று முடிவாகச் சொன்னார். ராகு காலத்தில் இரும்பு வேலை செய்தால் வண்டி ரத்தம் கேட்கும் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் நம்பிக்கை. அதை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள், அம்மா உட்பட.

பஸ் ஏறும்போது டப்பாவை என் கையில் கொடுத்தாள். "உன் சித்தப்பா அவசரக்காரரு. நீ கிட்டவே நின்னு உன் கையால வை. நான் வந்துதான் வண்டி எடுப்பேன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் வேறு.

எங்கள் ஊரில் வண்டிக்கு அடியில் வேலை என்றால் காய்ந்த வாய்க்காலுக்கு மேல் குறுக்காக வண்டியை நிறுத்திவிடுவார்கள். இரண்டு கரையிலும் சக்கரம் நிற்கும், வாய்க்காலுக்குள் ஆள் உட்கார்ந்து வேலை செய்யலாம். சித்தப்பாவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் ஏழு மணிக்கே வந்திருக்க வேண்டும். எட்டரைக்கு வந்தார்கள். வந்ததும் நாஷ்டா. நாஷ்டாவுக்குப் பின் பீடி. உடைந்த பாக்சை இறக்கி, வாங்கி வந்த பாக்சை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, புதுப் பேரிங்கை மாட்டி முடித்தபோது மணி பத்தேகால். நான் டப்பாவோடு அவர்கள் தலைமாட்டிலேயே நின்றேன். அந்தக் குழாயைப் பார்த்தேன். மேலெல்லாம் துரு படிந்து சொரசொரப்பாக இருந்தது.

"கிரீஸ் வைக்கணும் சித்தப்பா. அம்மா என் கையால வைக்க சொல்லிச்சி" என்றேன்.

"வெக்கலாம், வெக்கலாம். நீ ஓடிப்போயி எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கினு வா. அது இல்லாம எப்டி ஏத்தறது? நீ வந்ததும் வெக்கலாம்" என்று என் பையில் காசைத் திணித்தார்.

கடை தெருக்கோடியில் இருந்தது. ஓடிப்போய் ஓடி வந்திருந்தால் ஐந்து நிமிஷம். நான் ஓடித்தான் போனேன். ஆனால் கடை வாசலில் ஐஸ் வண்டி நின்றது. மிச்சக் காசு கையில் இருந்தது. சேமியா ஐஸ் ஒன்று வாங்கி, வெயிலில் கரைந்து கையில் வழிய வழிய அங்கேயே நின்று தின்று முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். இந்த இடத்தில் எனக்கு என் மேலேயே வருகிற கோபத்தை எழுதி முடியாது.

வந்து பார்த்தால் பாக்ஸ் ஏறியிருந்தது. கூட்டாளி வாய்க்காலுக்குள் படுத்துக் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கிரீஸ் டப்பா நான் வைத்துவிட்டுப் போன கரையிலேயே இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளித்தாள் கிழியவில்லை.

"சித்தப்பா, கிரீஸ் வைக்கலியா?"

"இன்னா கிரீஸ்? பேரிங்குல கம்பெனிலியே வெச்சி அனுப்பறான். வேலைய பாரு."

"குண்டு, கொழா, பல்லு, மூணு இடத்துல வைக்கணும். இறக்கி வைங்க சித்தப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் சேமியா ஒட்டியிருந்திருக்கிறது. விரலால் அதை வழித்து என் கண் முன்னால் காட்டினார்.

"நீ ஐஸ் துன்னுக்கினு நின்னதுக்கு நாங்க ராகு காலத்துல பாக்ஸ ஏத்தணுமா? ஏத்தி வண்டி எங்கியாச்சும் போயி மோதி, உங்கம்மா அதுல இருந்தா? சொல்லு. உங்கம்மா கைலியே சொல்றேன், உம் பொண்ணாலதான் கிரீஸ் வைக்க முடியலன்னு."

பெரிய மனுஷன் ஒருவன் பதினோரு வயசுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? எட்டரைக்கு வந்தது யார், நாஷ்டா தின்றது யார், பீடி குடித்தது யார் என்று கேட்க எனக்கு அப்போது வாய் இல்லை. இப்போது இருக்கிறது. கேட்கத்தான் ஆள் முன்னால் இல்லை.

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இத பாரு பாப்பா. வெச்சாச்சின்னு சொல்லிடு. அத்தோட போச்சி. உங்கப்பன் வலிகாலோட வருவாரு, வூட்டுல எதுக்கு பேஜாரு?" டப்பாவைக் கண்ணால் காட்டினார். "தாள கிழிச்சி கொஞ்சம் எடுத்துடு. தொறக்காத டப்பாவ பாத்தா உங்கம்மா கேப்பா."

நான் வெள்ளித்தாளைக் கிழித்தேன். விரலால் எடுத்தேன், மூன்று முறை. அம்மா சொன்ன அதே அளவு, பொட்டு அளவு. வாய்க்கால் கரையில் இருந்த அருகம்புல்லில் மூன்றையும் தடவித் துடைத்தேன். சித்தப்பா சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை நகர்த்தினார். மணி பத்தரை தாண்டியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

மதியம் பஸ்சில் வந்து இறங்கிய அம்மா, அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்த கையோடு என்னைக் கூப்பிட்டாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். என் விரலை எடுத்து மோந்து பார்த்தாள். கிரீஸ் வாடை இருந்தது. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பெடல் பாதியில் நின்றது. சீட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் அந்தக் காலில் இறக்கி மிதித்தாள். இறங்கியது. காலை எடுத்தால் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டது. டிராக்டர் ஓட்டியவள் என்பதால் விடவில்லை. சனிக்கிழமை பூராவும் களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். சித்தப்பா மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பெடல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "பழைய பாக்ஸ் அப்டிதான் இருக்கும் அண்ணி. ஆம்பள காலுக்கு தெரியாது" என்றார். காரணம் அவருக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் கூட்டாளி அன்றைக்கே மறந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வண்டியை உத்திரமேரூர் பஜாருக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டம். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நின்றுவிட்டது. அம்மா கிளட்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் தொடை நடுங்கியது. புடவைக்கு மேலேயே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கால் விட்டுப்போயிற்று. வண்டி ஒரு குதி குதித்து வைக்கோலில் போய் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விளக்குக் கண்ணாடி மட்டும் உடைந்தது. ஆனால் பஜாரே கூடிவிட்டது. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அம்மா இறங்கி, வைக்கோல்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு சித்தப்பா போட வேண்டியது. இல்லாவிட்டால் நான் போட வேண்டியது.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், சித்தப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் நான் சும்மா அந்த வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் குச்சிக் காலுக்கு அது சத்தமில்லாமல் கடைசி வரை இறங்கியது. அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா சாவியைத் தன்னிடம் கொடுத்த இரண்டாவது மாதமே சித்தப்பா ராஜகுளம் பக்கத்தில் ஒரு பட்டறையில் பாக்சை இறக்கி, குழாயை மாற்றி, மூன்று இடத்திலும் கிரீஸ் வைத்து ஏற்றியிருக்கிறார். ஆம்பளைக் காலுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் மூச்சு விடவில்லை. அதற்குள் அம்மா ஊரார் நிலத்தில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி நின்ற இடத்தைக் கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் என் பொய்யைச் சொல்ல வேண்டும். அதனால் சொல்லவில்லை. சித்தப்பாவைத் திட்டுகிறேனே, என்னை யார் திட்டுவது?

பஜாரிலிருந்து திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா சும்மா இருக்கவில்லை. கேபிளைக் கழற்றி எண்ணெய் விட்டாள். பெடல் ஆடுகிற இடத்தில் எண்ணெய் விட்டாள். திருகி, தளர்த்தி, மறுபடி மிதித்துப் பார்த்தாள். வெளியே செய்ய முடிந்த அத்தனையும் செய்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மூணு இடத்துலியும் வெச்ச இல்ல பாப்பா?"

"வெச்சேம்மா."

"சரி."

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். மிரட்டவில்லை, கண்ணைப் பார்த்துக் குடையவில்லை. வீட்டுக்குள் போய், கால் நீட்டி உட்கார்ந்து, நல்லெண்ணெய் எடுத்து இடது தொடையை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். "எனக்கு கால் பத்தல தம்பி, நீயே ஓட்டு" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடி விழவில்லை, ஐஸ் விஷயம் வெளியே வரவில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

இன்றைக்கும் நான் கார் சாவியை நீட்டி, களத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பாரேன் என்றால், "எனக்கு கால் ஆகாதுடி" என்கிறாள். அன்று அவள் முன்னால் சந்தேகப்பட இரண்டுதான் மிச்சம் இருந்தது. ஒன்று என் வார்த்தை, இன்னொன்று அவளுடைய கால். அது எனக்கு அப்போது தெரியாது. அம்மா யோசிக்கக்கூட இல்லை. காலைச் சந்தேகப்பட்டாள்.